தனசேகரன் விசிலடித்த பாட்டு

யாங்கூனில் போன மின்சாரம் திரும்பி வந்ததும் தெருவே ஒரே குரலில் "மீ லாப்யீ!" என்று கூவும். கரண்ட் வந்துவிட்டது என்பதைப் பர்மிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். கூவுவதில் தமிழர், சீனர், பர்மியர் என்ற பேதம் கிடையாது. பூட்டிய வீட்டுக்குள் ஒற்றையாய் இருப்பவர்கள்கூடக் கூவுவார்கள். நகரின் பபேடான் வட்டாரத்தில் ஃபோன் உறையும் சார்ஜரும் விற்கும் ஷம்சுதீன், சினிமாப் பாட்டுப் பிரியர்களுக்கென்று வைபரில் ஒரு குழு தொடங்கியபோது அதற்கு இதையே பெயராக வைத்துவிட்டார்.

குழுவுக்கு ஒரே சட்டம்தான். லிங்க் அனுப்பக்கூடாது, யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிடக்கூடாது. கரண்ட் வந்ததும் உன் வீட்டில் எந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கிறாயோ, அதை உன் அறையில் வைத்தே ஃபோனில் பிடித்துக் கொஞ்சம் அனுப்ப வேண்டும். "லிங்க் அனுப்புறவன் பாட்டு கேக்குறவன் இல்ல, பாட்டு தூக்குற கூலிக்காரன்" என்பது ஷம்சுதீனின் கட்சி.

அதனால் ஒவ்வொரு பாட்டோடும் ஒரு வீடும் சேர்ந்து வந்தது. தன்லினில் இருக்கும் ஜெயம்மா புதுப் பாட்டாகத்தான் போடுவாள். பின்னால் எப்போதும் எண்ணெயில் ஏதோ பொரியும். ஜுல்ஃபிகர் என்ற இளைஞன் போடும் பாட்டுக்குள் பக்கத்துக் கடை ஜெனரேட்டர் தாளம் தட்டும். டாலாவில் பவுனம்மாள் என்று ஒருவர் இருந்தார். அவர் ஒரு பாட்டும் போட்டதில்லை. மற்றவர்கள் போடுவதற்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.

தாமுவேயில் குடியிருந்த பவானியும் எதையும் போடாதவள்தான். ஆனால் ஒன்று விடாமல் கேட்பாள். இந்தப் பாட்டை இவர் ஏன் இன்றைக்குப் போட்டார், அந்த வீட்டில் யார் செருப்பை இழுத்து நடக்கிறார்கள், அழுகிற குழந்தை பேரனா பேத்தியா என்று யோசித்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் வீட்டில் பாட்டு ஓடி ஒரு வருஷம் ஆகப் போகிறது.

அவள் கணவர் தனசேகரன் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். அவர் பாட்டுக் கேட்டு அவள் பார்த்ததில்லை. விசிலடிப்பார், அவ்வளவுதான். அதிலும் ஒரே பாட்டு. மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பாட்டு கிளம்பிவிடும். நடுவில் ஓரிடத்தில் ஸ்வரம் கேத்தல் கொதிப்பதுபோல் மேலே ஏறும். உடனே நாக்கால் ஒரு 'டொக்'. பிறகு மெட்டு வேறு மாதிரி நிதானமாய்ப் போகும். முடிந்ததும் "க்ஹும்" என்று தொண்டையைச் செருமுவார். செருமினால் டீ வேண்டும் என்று பொருள். பவானி அடுப்படிக்குப் போவாள். கல்யாணமான புதிதிலிருந்தே வீட்டு வழக்கம் அது.

ஒருமுறை கேட்டிருக்கிறாள். "இது நம்ம பாட்டா, இந்த ஊர்க்காரங்க பாட்டாங்க?"

"ரெண்டுந்தான்" என்றார் தலையைத் தூக்காமல்.

இட்லியா, மீன் குழம்பு ஊற்றிய மோஹிங்காவா என்று கேட்டாலும் ரெண்டுந்தான் என்கிற மனிதர். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

போன வருஷம் அவர் போனபோது அவளிடம் அவர் குரல் ஒன்றும் மிஞ்சவில்லை. ஃபோனை நீட்டினால் வாயை மூடிக்கொள்கிறவர். பாட்டு மட்டும் அவள் தலைக்குள் இருந்தது. வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், துணி அலசும்போது அதை முணுமுணுத்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஓரிடத்தில் மெட்டு வளைந்துவிட்டது. முதலில் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. இப்படியே போனால் திதிக்குள் இது அவர் பாட்டாக இருக்காது, தன் பாட்டாகிவிடும் என்று தோன்றியது. தாய்லாந்தில், மஹாச்சாயில் வேலை செய்யும் மகன் சிவராஜைக் கூப்பிட்டு அப்பா பாட்டை விசிலடிக்கச் சொன்னாள். அவன் அடித்தான். பின்பாதி மட்டும்தான் அவனுக்கு நினைவிருந்தது. அதிலும் இரண்டு இடம் அவள் நினைப்புக்கு ஒத்துவரவில்லை.

அசல் பாட்டைப் பிடித்தால்தான் உண்டு. அன்று சாயங்காலம் "மீ லாப்யீ" கேட்டதும் அவள் முதல்முறையாகக் குழுவில் வாய் திறந்தாள். முணுமுணுத்துப் பதிந்து அனுப்பினாள். நாக்குச் சத்தத்தையும் செருமலையும் விட்டுவிட்டாள். அவை அவருடைய பழக்கங்கள், பாட்டில் சேர்ந்தவையல்ல.

ஷம்சுதீன் உடனே சட்டப் புத்தகத்தை விரித்தார். "தங்கச்சி, பாடக்கூடாது. வீட்டுல ஓடுற பாட்டத்தான் பிடிக்கணும்."

"என் தலைக்குள்ள இதுதான் பாய் ஓடுது" என்று பவானி பதில் போட்டாள். "என்ன பாட்டுன்னு யாராச்சும் சொல்லுங்க. அவர் அடிக்கிற பாட்டு."

அதற்குமேல் யாரும் சட்டம் பேசவில்லை.

முன்பாதியை ஜெயம்மா அந்தக் கணமே கண்டுபிடித்துவிட்டாள். எண்பதுகளில் வந்த ஒரு மழைப் பாட்டு. படத்தை மறந்தவர்கள்கூடப் பாட்டை மறக்கவில்லை. பொரியல் சத்தம் பின்னணியில் இரைய, அவளே அதைப் போட்டுப் பிடித்து அனுப்பினாள். பவானி காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். பல்லவி அப்படியே அவருடையது. சரணத்தில் நுழைந்த பாட்டு வேறெங்கோ போய்விட்டது.

"பவானி, முதப் பாதி சரிதாண்டி" என்றாள் ஜெயம்மா. "நடுவுல எதுக்கு ஊய்ங்னு ஏத்துற? பேய் ஓட்டுறியா?"

"அவர் அப்படித்தான்க்கா அடிப்பார்."

"பின்பாதி எந்தப் படத்துலயும் இல்ல. உன் வீட்டுக்காரரு மறந்துபோயி சொந்தச் சரக்கச் சேத்துக்கிட்டாரு."

"அங்கிள் அந்தக் காலத்திலேயே ரீமிக்ஸ் பண்ணியிருக்கார்" என்று ஜுல்ஃபிகர் எழுதினான். பவுனம்மாளின் கட்டைவிரல் உயர்ந்தது.

பவானிக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. தனசேகரனுக்குச் சங்கீதம் எவ்வளவு தூரம் என்பது ஊருக்கே தெரியும். கோயில் பஜனையில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லுவார்கள். சொந்தமாக மெட்டுப் போடுகிற ஆளா அவர்? பவானி ஷ்வேப்யிதாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த ஜாக்கெட்டுகளைக் கடைசியாகப் பார்த்து விடுகிற வேலையில் இருந்தாள். ஒரு ஜாக்கெட்டில் காலர் கோணினால் தைத்தவளின் தவறு. எல்லா ஜாக்கெட்டிலும் ஒரே இடத்தில் கோணினால் தைத்தவளைத் திட்டிப் பயனில்லை. வெட்டுவதற்கு வைத்த அளவுக் காகிதத்திலேயே கோணல் இருக்கிறது. தனசேகரன் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தான் ஏறினார், ஒரே இடத்தில்தான் திரும்பினார். அப்படியானால் அவர் பார்த்து வெட்டிய காகிதம் எங்கே?

தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை யாங்கூனில் ஃபெரி என்பார்கள். ஆற்றில் டாலாவுக்குப் போகும் படகும் ஃபெரிதான். அதற்காக யாரும் பஸ்ஸுக்குப் பதில் ஆற்றில் இறங்கியதில்லை. ஒரு காலையில் ஃபெரியின் ஜன்னலோரம் உட்கார்ந்து பவானி பாட்டை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மா தன்டா, அதே வரிசையில் நூல் வெட்டுகிற பர்மியப் பெண், தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். பவானி பல்லவியைத் தாண்டி, கேத்தல் கொதியைத் தாண்டி, நிதானமான பகுதிக்கு வந்தாள். மா தன்டாவின் கண் மூடியே இருந்தது. வாய் மட்டும் திறந்து கூடச் சேர்ந்து பாடியது. பர்மிய வார்த்தைகளில், ஒரு சொல் தடுக்காமல்.

பவானி அவள் தொடையில் ஓங்கி அடித்தாள். "மா தன்டா! இது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் அடிக்கிறே?" மா தன்டா தொடையைத் தேய்த்துக்கொண்டாள். இருவரும் பேசிக்கொள்வது பர்மியத்தில்தான். "என் அக்கா கல்யாணத்துல முழுக்க இந்தப் பாட்டுதான். உனக்கு எப்படித் தெரியும், அதச் சொல்லு."

"இது எங்க சினிமாப் பாட்டு."

"தூக்கத்துலயா இருக்கே? இது எங்க பாட்டு."

பவானி அன்று வேலையில் ஒரு கோணல் காலரைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். மாலையில் குழுவில் செய்தி போட்டதும் குழு இரண்டாகப் பிரிந்தது. பர்மாவில் காப்பிப் பாட்டு என்று ஒரு வகையே உண்டு. வெளியூர் மெட்டை எடுத்துத் தங்கள் வார்த்தைகளை ஏற்றிப் பாடுவார்கள்.

"பாத்தீங்களா, நம்ம பாட்டத் தூக்கிட்டாங்க" என்றாள் ஜெயம்மா.

"நம்மாளு அவங்ககிட்டேருந்து எடுத்திருக்கக் கூடாதாக்கா?"

"நீ யாரு பக்கம்டா ஜுல்ஃபி?"

"நான் மெட்டு பக்கம்."

எல்லோரும் பழைய படங்களைத் துழாவினார்கள். அந்தப் பின்பாதி எந்தத் தமிழ்ப் பாட்டின் சரணம் என்று இரண்டு முறை கரண்ட் வந்து போகும்வரை சண்டை நடந்தது. பிறகு மா தன்டா தன் அக்காவிடமிருந்து அந்தப் பர்மியப் பாட்டை முழுதாக வாங்கிவந்து ஃபெரியில் போட்டுக் காட்டினாள். பின்பாதி அச்சு அசல் தனசேகரனுடையது. ஆரம்பமோ மழைப் பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

ஆக, யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. முன்பாதி ஒரு பாட்டு, பின்பாதி இன்னொரு பாட்டு. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு மோட்டார் மெக்கானிக் ஆயுசு முழுக்க விசிலடித்திருக்கிறார். ஏன்? பவானிக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மனிதரோடு இத்தனை வருஷம் ஒரே கூரையில் இருந்துவிட்டு, அவர் வாயில் ஓயாமல் இருந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல் திதி கொடுப்பதா?

விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் பபேடானுக்குப் போனாள். ஷம்சுதீனின் கடை இரண்டு பேர் நின்றால் நிரம்பிவிடும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிர்க்கடைச் சமோசாவை வரவழைத்தார்.

"குழுவுல எல்லாரும் அரட்டதான் அடிக்கிறீங்க பாய். நேர்ல ஒருவாட்டி கேளுங்க" என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். இந்த முறை அவள் பாட்டை நினைக்கவில்லை. மோட்டாருக்கு முன்னால் குனிந்திருந்த முதுகை நினைத்தாள். பல்லவி போயிற்று, ஸ்வரம் ஏறிற்று, அவளை அறியாமல் நாக்கு 'டொக்' என்றது.

ஷம்சுதீனின் கையிலிருந்த சமோசா பாதி வழியில் நின்றது. "தங்கச்சி, நில்லு நில்லு. அந்த எடத்த இன்னொருவாட்டி."

"எந்த எடம்?"

"ஊய்ங்னு ஏறுறதும் அதுக்கப்புறம் வர்ற சத்தமும்."

செய்து காட்டினாள். "அது பாட்டு இல்ல பாய். அவர் பழக்கம். நாக்கால தட்டுவார்."

"பழக்கமா?" ஷம்சுதீன் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது கரண்ட் போன சத்தம்!"

இதே கடையில் ஷம்சுதீனின் வாப்பா கேசட் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் வெற்றுக் கேசட் ஊரில் கிடைக்காது. பழைய பர்மியப் பாட்டுக் கேசட்டுகளை வாங்கி, மேலே வேறு எதுவும் பதிந்து அழியாதிருக்க ஓரத்தில் உடைத்துவிட்டிருக்கும் ஓட்டையில் காகிதம் ஒட்டி, அதன்மேல் தமிழ்ப் பாட்டைப் பதிவார். முறையாகச் செய்யக் கருவியும் கிடையாது. இரண்டு டேப் செட்டுகளை எதிரெதிரே வைத்து, ஒன்றைப் பாடவிட்டு மற்றதால் பிடிப்பார்.

"பாடுற செட்டு பேட்டரியில ஓடும். பிடிக்கிற செட்டு கரண்டுல" என்றார் ஷம்சுதீன். "அந்த நேரம் கடைக்குப் பின்னாடி எங்க வீட்டுல ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. உம்மா பாத்திரத்த வச்சா அன்னிக்கு வாப்பாவுக்குச் சோறு எறங்காது. ஒரு நா மழைப் பாட்டு பாதியில கரண்டு போச்சு. பிடிக்கிற செட்டு மெல்லமா நின்னுச்சு. மெல்லமா ஓடறப்போ பிடிச்சத, சரியா ஓடறப்போ கேட்டா எப்படி இருக்கும்?"

"மேல ஏறும்" என்றாள் பவானி.

"ஊய்ங்! அப்பறம் பட்டன எடுத்துவிட்ட டொக்கு. அந்த எடத்துக்கு அப்பால அழியாம கெடந்தது என்ன? பழைய பர்மாப் பாட்டு. கரண்டு வந்ததும் வாப்பா கொஞ்சம் தள்ளிச் சுத்திவிட்டு அடுத்த பாட்ட ஆரம்பிச்சிட்டாரு. அந்தக் கேசட்டுலேருந்துதான் மத்த எல்லாக் கேசட்டும் போட்டது. உங்க வீட்டுக்காரரு எங்க வேல பழகுனாரு?"

"கீழத் தெரு மோட்டார் பட்டறையில. சின்ன வயசுல."

"அந்தப் பட்டறைக்கு எங்க கேசட்டுதான் போகும்."

பவானிக்குத் தையல்தான் நினைவுக்கு வந்தது. ஊசியில் நூல் தீர்ந்த இடத்தில் வேறு நூல் கோத்துத் தையலைத் தொடர்ந்தால், மேலே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தால் முடிச்சு தெரியும். தனசேகரன் அந்த முடிச்சையும் சேர்த்தல்லவா பாடமாக்கி வைத்திருந்தார்! ரெண்டுந்தான் என்றது மழுப்பல் அல்ல. கேட்டதற்கு ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

"அந்தக் கேசட்டு ஒண்ணாச்சும் இருக்குமா பாய்?"

"எங்கம்மா? பூஞ்சை பிடிச்சு ஒரு மழையில மொத்தமாப் போயிடுச்சு."

"பரவால்ல. ரெண்டு துணியும் கையில இருக்கு. சேத்துத் தைக்க வேண்டியதுதான்."

ஜுல்ஃபிகர் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னான். ஷம்சுதீன் ஒப்பவில்லை, வீட்டில் ஓட வேண்டும், வீட்டில் பிடிக்க வேண்டும். பவானிக்கும் அதுதான் சரி என்று பட்டது.

திதியன்று காலையில் ஐயர் வந்து போனார், படையல் முடிந்தது, உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் மா தன்டா மட்டும் இருந்தாள். தனசேகரன் படத்துக்கு முன்னால் இரண்டு ஃபோன்களை எதிரெதிரே வைத்தார்கள். பவானியின் ஃபோனில் மழைப் பாட்டு, மா தன்டாவின் ஃபோனில் கல்யாணப் பாட்டு. பிடிப்பதற்குத் தனசேகரனின் பழைய ஃபோன்; வாயே திறக்காமல் அதை வைத்திருந்தவர் அவர். முதல் தடவை மா தன்டா தாமதமாக விரலை வைத்தாள். இரண்டாம் தடவை, பவானி வாயால் அந்த ஏற்றத்தை ஏற்றும்போது மா தன்டாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"துக்க வீடு. சிரிக்காதே" என்றாள் பவானி, தானும் சிரித்துக்கொண்டு.

மூன்றாம் தடவைக்குத் தயாரானபோது மின்விசிறி நின்றது. தெருவின் சத்தங்கள் எல்லாம் ஒன்றாக அடங்கின. "இப்பதான் நல்லது" என்று பவானி விரலை வைத்தாள். மழைப் பாட்டு அறையில் நிறைந்தது. அந்த இடம் வந்தது. அவள் ஸ்வரத்தை மேலே ஏற்றினாள், நாக்கால் தட்டினாள், மா தன்டாவின் விரல் சரியாக விழுந்தது. மெட்டு திரும்பி நிதானமாய் நடந்தது. வளைந்து போயிருந்த இடங்களெல்லாம் நிமிர்ந்திருந்தன. பவானி படத்தைப் பார்க்காமல், அவர் வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியபோது தெரு கூவியது. "மீ லாப்யீ!" அவள் பதிவைக் குழுவில் போட்டாள். அடியில் எழுதினாள்: "இப்போ எங்க வீட்டுல ஓடுறது."

கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. "பேய் நல்லாத்தான் ஓட்டுற" என்றாள் ஜெயம்மா. வழக்கமாக முதலில் வரும் பவுனம்மாளின் கட்டைவிரலைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, குழுவில் முதல்முறையாக, டாலாவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. வயதான குரல்; பின்னால் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவின் மணியும் ஒரு நாயும்.

"தங்கச்சி, அன்னிக்கு நீ முணுமுணுத்தப்போ எனக்குப் பிடிபடல. இத எங்கேருந்து பிடிச்சே? எங்க வீட்டுலயும் இந்தக் கேசட்டுதான் இருந்துச்சு. இப்படித்தான் பாட்டு போகும்னு நான் எத்தன பேருகிட்ட சொல்லி, எனக்குக் கிறுக்குன்னு பேரு வாங்கியிருக்கேன்! எல்லாம் சரியா இருக்கு. கடசியில ஒண்ணு விட்டுட்டே. பாட்டு முடிஞ்சதும் ஒரு ஆளு தொண்டையச் செருமுவான். க்ஹும்! அதுக்கப்பறந்தான் அடுத்த பாட்டு."

ஷம்சுதீன் அதற்குக் கீழே உடனே எழுதினார். "அல்லாவே! அது எங்க வாப்பா. எங்களையெல்லாம் மூச்சு விடக்கூடாதுன்னுட்டு!"

பவானி பவுனம்மாளின் பதிவை மறுபடி போட்டாள். க்ஹும். இன்னொரு தடவை போட்டாள். அதே சுருக்கம், அதே இழுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் செருமலுக்கு அவள் எழுந்து போய் டீ போட்டிருக்கிறாள். பால் இல்லாத நாட்களில் கடைக்கு ஓடியிருக்கிறாள். காய்ச்சலோடு எழுந்து போயிருக்கிறாள். அவரும் ஒரு தடவைகூட நான் டீ கேட்கவில்லையே என்று சொன்னதில்லை. டம்ளரை வாங்கி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இந்த நேரத்துல டீயா? யாரு கேட்டா?" என்றாள் மா தன்டா.

"பாயோட வாப்பா" என்று பவானி டப்பாவிலிருந்து இலையை அள்ளிப் போட்டாள்.

மா தன்டாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தன் டம்ளரை நீட்டினாள்.